துணி கட்டிய மரங்கள்

பண்ருட்டிப் பக்கம் வைகாசி மாதத்தில் விடிந்ததும் ஒரு கொல்லைக்குள் போனால், பலாப்பழத்தைத் தட்டும் ஓசைதான் முதலில் காதில் விழும். மூன்று தலைமுறையாகப் பலாவும் முந்திரியும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் ஐந்து காணிச் செம்மண் கொல்லையில் அந்த வேலை இன்னமும் ஆயாவுடையது. வயது எழுபத்தெட்டு. விரல் முட்டியால் பழத்தைத் தட்டுகிறார். கெட்டியாகச் சத்தம் வந்தால் அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார். தொம்மென்று உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலக் கேட்டால் நின்று முள்ளைப் பார்க்கிறார். முள் அகன்று மழுங்கியிருக்க வேண்டும். காம்பை ஒட்டிய கடைசி இலை மஞ்சளாகியிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால்தான் பேரன் மரமேறுவான். பழம் கயிற்றில் கட்டித்தான் இறங்கும். பொத்தென்று போட்ட பழம் அன்றைக்கு நன்றாகவே தெரியும். இரண்டாம் நாள் அடிபட்ட இடம் உள்ளே அழுகத் தொடங்கிவிடும்.

இந்தப் பழங்கள் லாரி ஏறுவதில்லை. சாலையோரப் பந்தலுக்குப் போகின்றன.

தாத்தா காலத்தில் அப்படி இல்லை. மரத்தில் பிஞ்சு தெரிந்ததுமே குத்தகைக்காரர் வந்து, மரத்தை எண்ணி, முன்பணம் கொடுத்துவிடுவார். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கும் கைகொடுத்த பணம் அது. ஆனால் குத்தகைக்காரருக்கு லாரி நிறைய வேண்டும். முற்றியது, முற்றாதது எல்லாம் சேர்ந்து இறங்கும். தங்கள் மரத்துப் பழத்தைச் சாப்பிட்டவர் யார், அது அவருக்குப் பிடித்ததா என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாமலே நாற்பது வருடம் போனது.

மகன் பொறுப்பேற்றதும் மூன்றில் ஒரு பங்கு மரங்களை மட்டும் குத்தகைக்கு விடாமல் நிறுத்திக்கொண்டார். மொத்தத்தையும் நிறுத்தாதது அவருடைய புத்திசாலித்தனம் என்றே சொல்ல வேண்டும். பலா ஒரே மூச்சில் பழுத்துக் கொட்டும் மரம். ஒரு குடும்பம் பந்தல் போட்டு எவ்வளவு விற்றுவிட முடியும்? முதல் வருடமே அதற்கான பாடம் கிடைத்தது. பன்னிரண்டு கிலோ பழத்தை முழுதாக வாங்க நாலு பேர் உள்ள வீடுகள் தயங்கின. சுளையாகக் கேட்டன. முன்கூட்டியே அரிந்து வைத்தால் மதியத்துக்குள் சுளை வாடிவிடுகிறது. அதனால் ஆள் வந்து நின்ற பிறகுதான் பழத்தில் கத்தி இறங்கும். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. அரியும்போது எழும் வாசனைக்கு, சாலையில் போகிற வண்டிகள் தானாகவே நிற்கும். கொட்டை தனியாக விலை போகும். சடையும் தோலும் வீட்டு மாட்டுக்கு.

சுளை குழையும் கூழன் பழத்தை, சுளை கெட்டியான வருக்கையோடு கலந்து வைப்பதே இல்லை. குழைவான சுளை பிடித்தவர்களும் இருக்கிறார்கள். தெரியாமல் வாங்கிப் போகிறவர்தான் ஏமாந்ததாக நினைப்பார். தனியே வைத்து, சொல்லி விற்றால் அதற்கும் ஆள் உண்டு.

மாசியில் பந்தல் பிஞ்சோடு தொடங்குகிறது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தொங்கும் காய்களுக்கு இடையில்தான் துளைப்பான் புழு எளிதாகப் புகும். ஆகவே நெருக்கமாக இருப்பவற்றில் ஒன்றைப் பிஞ்சிலேயே எடுத்துவிடுகிறார்கள். மரத்தில் நிற்பது பெருக்கும், எடுத்தது கூட்டுக்கும் பிரியாணிக்கும் போகும். பங்குனி, சித்திரையில் முந்திரிக்கொட்டை. சித்திரையிலிருந்து ஆடி வரை பழம். பனிக்கன்குப்பத்து மரம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1992-இல் வெளியிடப்பட்ட பாலூர்-1 ரகம் பருவம் தப்பியும் காய்க்கும் என்பதால், கார்த்திகை வாக்கிலும் பந்தலில் ஓரிரு பழம் இருக்கும். நடுவில் மழை பிடித்ததும் கன்று விற்பனை.

கன்று கதையைத்தான் இந்தக் குடும்பம் நிறையப் பேசுகிறது. அவர்கள் தவறு செய்த இடமும் அதுதான்.

பழம் சாப்பிட்டவர்கள், “இதே மரத்துக் கன்று கிடைக்குமா?” என்று கேட்பது வழக்கம். பலாக்கொட்டை காய்ந்தால் முளைப்பு போய்விடும்; எடுத்த சில நாளில் போட்டுவிட வேண்டும். அது தெரிந்தவர்கள்தான் இவர்கள். அந்தந்த மரத்துக் கொட்டையை உடனுக்குடன் பையில் ஊன்றி, மறு வருடம் கன்றாக, “இதே பழம்தான்” என்று சொல்லியே விற்றார்கள். எட்டு வருடம் கழித்து ஒரு வைகாசியில், கன்று வாங்கிய ஆள் ஒருவர் பழத்தோடு பந்தலுக்கு வந்தார்.

“ஆயா, உங்க மரத்துப் பழம்தானே? அரிஞ்சு பாருங்க.”

ஆயா அரிந்தார். சுளை கையோடு குழைந்தது. “தம்பி, இது எங்க மரமில்லையே” என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அவரை உட்கார வைத்தார். கன்று கொடுத்தது ஆயாவின் கைதான்.

யாரும் ஏமாற்றவில்லை. பலா அயல் மகரந்தம் ஏற்கும் மரம். கொட்டைக்குள் தாய் மரம் பாதி. மீதி எந்த மரத்துடையது என்று யாருக்கும் தெரியாது. தேன் வருக்கையின் கொட்டை கூழனாகவும் முளைக்கும். அந்த மனிதர் செலவழித்தது கன்றின் விலையை மட்டுமல்ல. எட்டு வருடத் தண்ணீரும் காத்திருப்பும் போயிருந்தன. பணத்தைத் திருப்பித் தந்து அதைச் சரிசெய்ய வழியில்லை. மகன் அந்த மழைக்காலத்திலேயே ஒட்டுக் கட்டப் பழகினார். கொட்டையில் முளைத்த செடியை அடியாக வைத்து, நல்ல மரத்தின் இளங்கொழுந்துக் குச்சியை அதில் பொருத்திக் கட்டினால், மேலே வளர்வது அந்த நல்ல மரமேதான். காய்ப்பும் சீக்கிரம் வந்துவிடும்.

எந்த மரம் நல்ல மரம்? அதற்கு ஆயாவின் நாக்குதான் தீர்ப்பு. மூன்று பருவம் தொடர்ந்து ருசி மாறாமல், சுளை கெட்டியாக இருந்த மரத்தில் மட்டும் சிவப்புத் துணி கட்டினார். இப்படிப் பதினொரு மரங்கள் தேறின.

2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்று ஓய்ந்து பார்த்தபோது கொல்லைக்கு அடையாளமே இல்லை. தாத்தா நட்ட மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. துணி கட்டியதில் நின்றவை மூன்று. பண்ருட்டிப் பலா மரம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம்தான். ஆனால் ஊரெங்கும் ஒரே நாளில் மரம் சாய்ந்தால் மரத்துக்கு என்ன விலை கிடைக்கும்?

அடுத்த பருவத்தில் கன்று கேட்டு வந்த கூட்டம் முன்பு எப்போதும் பார்க்காதது. கொடுக்க இருந்ததோ மூன்று மரத்துக் குச்சி. கொட்டைக் கன்றை ஒட்டென்று சொல்லித் தள்ளிவிட்டிருந்தால் அந்த வருட நஷ்டத்தில் பாதியாவது திரும்பியிருக்கும். அவர்கள் செய்யவில்லை. எட்டு வருடம் கழித்து வந்து நின்ற அந்த முகம் ஆயாவுக்கு மறக்கவில்லை. வாங்குகிறவர் பத்து மைலுக்குள் இருக்கிறார். கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தியிலும் எதிரே உட்காருகிறார்.

புயலுக்குப் பிறகு கொல்லையின் போக்கும் மாறியது. ஒரே வயது மரங்களாக வைப்பதில்லை. வருடம் ஐந்து கன்றாவது நட்டுவிடுகிறார்கள். இளமரத்தின் நுனியைக் கிள்ளி உயரம் மட்டுப்படுத்துகிறார்கள். துணி கட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு ஒட்டுக் கன்றுகள் வேறு இடத்தில் நிற்கின்றன; ஒன்று மருமகளின் தாய்வீட்டுக் கொல்லையிலும்கூட. பைகளில் பேரன் எழுதிக் கட்டும் அட்டையில் தாய் மரத்தின் எண், ஒட்டுக் கட்டிய தேதி, ஒட்டா கொட்டையா என்ற விவரம் இருக்கும். கொட்டைக் கன்றையும் நிறுத்தவில்லை. மரத்துக்காக, நிழலுக்காகக் கேட்பவர்களுக்கு, பழம் எப்படி வரும் என்று சொல்ல முடியாது என்று முதலிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

போன ஆடியில் காரில் வந்த ஒரு தம்பதி இரண்டு ஒட்டுக் கன்றுகளை எடுத்து வைத்துவிட்டுப் பணத்தை நீட்டினார்கள். ஆயா பணத்தை வாங்கவில்லை. எங்கே நடப் போகிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னால், மதிலோரம், மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும் இடம். பலாவுக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. மூன்றடிக் குழியும் மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி இடைவெளியும் வேண்டும் என்று விளக்கிவிட்டு, கன்றுகள் இரண்டையும் வாங்கி நிழலில் திருப்பி வைத்தார். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. பேரன் ஓடிப்போய்ப் பந்தலிலிருந்து ஒரு கிலோ சுளை அரிந்து கொண்டுவந்தான். மேடான இடம் கிடைத்தால் அடுத்த ஆடிக்கு வரச் சொல்லி, நாலாம் எண் மரத்துக் கன்று ஒன்றின் அட்டையில் அவர்கள் ஊர்ப் பெயரை எழுதி வைத்திருக்கிறான்.