எண்ணு, ஊகி, சோதி

அன்பு யாழினி,

தோழி தந்த சங்கேதச் சீட்டைப் படமெடுத்து அனுப்பி, "விடையை மட்டும் சொல்லுங்க மாமா" என்று கேட்டிருக்கிறாய். விடையைச் சொன்னால் இந்தச் சீட்டோடு முடிந்துவிடும். வழியைச் சொல்கிறேன், எந்தச் சீட்டுக்கும் உதவும்.

உன் சீட்டு இது: யாய்மளய் ஙொத்ணு ழலுழேக்.

ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, வரிசையில் மூன்று இடம் தள்ளி வரும் எழுத்தை எழுதி ரகசியம் காத்தவர் ஜூலியஸ் சீசர். இத்தகைய மறைப்பை உடைக்கும் முறையை 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி எழுதிவைத்தார். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அரிதாக வரும். எழுத்துக்கு வேறு வேடம் போடலாம். அது எத்தனை முறை வருகிறது என்பதை மறைக்க முடியாது. ஆங்கிலத்தில் மிகுதியாக வருவது ஐந்தாம் எழுத்து. நீண்ட செய்தியில் அதிகம் தென்படும் குறியை அதுவாக வைத்துத் தொடங்குவார்கள்.

உன் சீட்டில் மூன்றே சொற்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. நீ பள்ளியில் படித்த இலக்கணம் கைகொடுக்கும். தமிழில் பல சொற்கள் 'ம்' என்று முடியும். மெல்லின மெய்யை அடுத்து அதன் இன வல்லினம் அடிக்கடி வரும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. முதல் சொல்லைப் பார். 'ய்' நடுவிலும் இருக்கிறது, கடைசியிலும் இருக்கிறது. அது 'ம்' என்றால், நடுவில் அதை அடுத்துள்ள 'ம', 'ப'வாக இருக்கலாம். 'ம்' 'ய்' ஆகியிருக்கிறது, 'ப' 'ம' ஆகியிருக்கிறது. இரண்டும் மெய்வரிசையில் ஓரிடம் தள்ளியிருக்கின்றன!

இது இன்னும் ஊகம்தான். சோதிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா இயந்திரம் எந்த எழுத்தையும் அதே எழுத்தாக எழுதாது. பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் இருந்தவர்கள், செய்தியில் இருக்கக்கூடிய வானிலைச் சொல் ஒன்றை ஊகித்து, மறைசெய்தியின் கீழே வைத்து நகர்த்திப் பார்த்தார்கள். மேலும் கீழும் ஒரே எழுத்து சந்தித்தால் அந்த இடத்தைத் தள்ளினார்கள். தவறென்று தெரிந்ததை உடனே கைவிடுவதும் கண்டுபிடிப்பில் பாதி.

நீயும் இரண்டாம் சொல்லில் மெய்களை ஓரிடம் பின்னே நகர்த்து, உயிர்க்குறிகளைத் தொடாதே. இன எழுத்துச் சோடி கிடைத்தால் ஊகம் நிற்கும். மூன்றாம் சொல்லின் 'க்'குக்கு முன்னே எழுத்தில்லை. வரிசையின் கடைசிக்குப் போ.

படித்துவிட்டால் தோழிக்குப் பதில் எழுது, இந்த முறை ஈரிடம் தள்ளி.

அன்புடன்,
மாமா