ஜன்னல் இல்லாத கேபினில் ஒரு தூக்கம்

கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்யப் போனால் ஏஜென்ட் தவறாமல் சொல்வார்: "இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா கடல் தெரியற ரூமே கிடைக்கும் சார்." நான் போடுவதில்லை. அதற்குச் சிக்கனம் பாதிக் காரணம்தான். மீதி, தூக்கம்.

நான் சென்னைப் பெருங்குடிக்காரன். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு, ஊர் பல் துலக்கும் நேரத்தில் படுக்கிறவன். ஓ.எம்.ஆர். ஹாரன் சத்தத்துக்குக்கூடப் பழகிவிட்டது, வெயிலுக்குத்தான் பழகவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் கறுப்புத் துணி தைத்து மாட்டினாலும் ஓரமாக ஒரு கீற்று வந்து முகத்தில் விழும். கண்ணில் வெளிச்சம் பட்டால் மூளை தூக்க ஹார்மோனான மெலடோனின் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு கிடக்கலாம், தூங்க முடியாது. இப்படிப்பட்டவனுக்கு இன்சைட் கேபின் எனப்படும் ஜன்னல் இல்லாத அறை ஒரு வரப்பிரசாதம். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் உச்சிவெயிலிலும் நள்ளிரவு.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜன்னல் இல்லாம மூச்சு முட்டாதாடா?" முட்டாது. பெரிய பயணக் கப்பல்களில் எல்லா அறைக்கும் குழாய் வழியாகக் குளிர்காற்று வருகிறது. ஜன்னல் உள்ள அறையிலும் அதே காற்றுதான். அந்தக் கண்ணாடியைத் திறக்கவா விடுவார்கள்?

ஆனால் 'இன்சைட்' என்று மட்டும் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வரக்கூடாது. ஜன்னல் இருக்கிறதா என்பதைவிட, அறை கப்பலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் தூக்கத்தைத் தீர்மானிக்கும். பூங்காவில் சீசா ஆடும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள்: இரண்டு முனையும் ஏறி இறங்கும், நடுவில் நிற்பவன் அசைய மாட்டான். கப்பலும் அலையில் முன்னும் பின்னும் அப்படித்தான் ஆடுகிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பத் தொடங்கிய கோர்டிலியா நிறுவனத்தின் எம்பரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் பிரான்ஸில் 'நார்டிக் எம்பரஸ்' என்ற பெயரில் கட்டிய கப்பல். நீளம் சுமார் 211 மீட்டர். அவ்வளவு நீளத்தில் மூக்குப்பக்கம் படுப்பவருக்கும் நடுவில் படுப்பவருக்கும் ஒரே கடல் இல்லை. பக்கவாட்டு ஆட்டமோ மேலே போகப் போக அதிகம். எனவே நடுப்பகுதி, அதிலும் கீழ் டெக். பெரும்பாலும் விலை குறைந்த அறைகள் இருப்பதும் அங்கேதான். வாங்குபவர்கள் மேலே மேலே என்று கேட்பதால் நமக்கு லாபம்.

கல்லூரி நாளில் போர்ட் பிளேர் கப்பலில் பங்க் வகுப்பில் போனபோது இது உடம்புக்கே தெரிந்தது. இரண்டரை மூன்று நாள் பயணம். கீழே, வரிசையாக அடுக்குப் படுக்கைகள் போட்ட கூடத்தில் எங்கள் கூட்டம் அசந்து தூங்கியது. மேல்தளத்து அறைக்காரர் ஒருவர் வாந்தி எடுத்துக் களைத்து, எங்கள் பக்கம் இறங்கி வந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது சத்தம். இதற்கு டெக் பிளான், அதாவது ஒவ்வொரு தளத்தின் வரைபடம் வேண்டும். ஏஜென்டிடம் கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அறையை மட்டும் பார்க்காமல் அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கேபின்களாகவே இருந்தால் நல்லது. மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடிவதற்குள் நாற்காலிகளை இழுத்துப் போடுவார்கள். கீழே டிஸ்கோ என்றால் பாட்டு கேட்காது, 'தும் தும்' மட்டும் கட்டில் வழியாக ஏறி வரும். மூக்குப்பக்கத்தில் நங்கூரச் சங்கிலியும், கரை சேரும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் இயந்திரமும் எழுப்பிவிடும். பின்கோடியில் சுழலியின் அதிர்வு. பிளானில் எந்தப் பெயரும் போடாமல் வெறுமையாக விட்ட கட்டம் பக்கத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஊழியர்கள் தட்டுமுட்டுச் சாமான் உருட்டும் இடமாக இருக்கலாம். லிஃப்டிலிருந்து நாலைந்து அறை தள்ளிக் கேளுங்கள். பக்கத்து அறைக்குப் போகும் இடைக்கதவு உள்ள கேபின் குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சௌகரியம். மற்றவர்களுக்கு அந்தப் பக்கத்துக் குறட்டை இலவசம். அறை எண்ணைப் பிறகு நாங்களே ஒதுக்குகிறோம் என்று சொல்லி மலிவாகத் தருவார்கள். தூக்கம்தான் முக்கியம் என்றால் அதை வாங்காதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு பிரச்சினை உண்டு: கேபினில் மின்விசிறி கிடையாது. பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் 'கடகட' கேட்டுத் தூங்கிய காதுக்கு அந்த நிசப்தம் பயமாக இருக்கும். நான் கைப்பேசியில் மின்விசிறிச் சத்தத்தைப் பதிவு செய்து எடுத்துப் போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றும் அவசியம். இல்லாவிட்டால் நடுராத்திரி குளியலறையைத் தேடி முழங்காலை இடித்துக்கொள்வீர்கள். அங்கே போய் வெள்ளை விளக்கைப் போட்டால் வந்த தூக்கமும் போய்விடும். கதவின் கீழ் இடுக்கில் நடைவழி வெளிச்சம் வந்தால் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போகாதீர்கள். தீ ஆபத்து என்று பல கப்பல்களில் பையைச் சோதிக்கும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள்.

வடக்கே தலை வைக்கக்கூடாது என்று அம்மா போனில் நினைவூட்டுவார். கப்பல் திரும்பும் ஒவ்வொரு முறையும் கட்டிலும் திரும்புகிறது என்பதை நான் இதுவரை சொல்லவில்லை.

இருட்டால் ஒரு தொல்லையும் உண்டு. விடிந்தது தெரியாது. அலாரம் வைக்காமல் படுத்தால் காலை டிபன் போய்விடும். சில கப்பல்களில் முன்பக்கக் கேமரா காட்டும் காட்சியை அறை டி.வி.யில் ஒரு சேனலாகப் போடுகிறார்கள். சத்தத்தைக் குறைத்து அதை ஓடவிட்டால் அதுவே ஜன்னல். எழுந்ததும் நேராக மேல்தளத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்பேன். இல்லாவிட்டால் அடுத்த ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும்.

மாதத்தையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை நடக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் எந்த அறையும் ஆடும். ஜனவரி முதல் மார்ச் வரை பெரும்பாலும் அமைதி. குமட்டல் வரும் உடம்பென்றால் அவோமின் மாதிரி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு விழுங்கினால் அதுவும் வெளியே வந்துவிடும்.

மூடிய இடத்தில் பதற்றம் வருபவர்களை, லிஃப்டில் நிற்கவே தயங்குபவர்களை இங்கே படுக்கவைக்காதீர்கள். அவர்களுக்குக் கூடுதல் பணம் கொடுத்தாவது ஜன்னல் வாங்குங்கள். நாலு பேருக்கு ஒரே அறை எடுத்தால் இரண்டு பேர் சுவரிலிருந்து இறக்கும் மேல் படுக்கையில் ஏணி வைத்து ஏற வேண்டும். வயதானவர்களுக்குக் கீழ்ப்படுக்கை என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி முடிந்து திரும்பும்போது, உங்கள் கதவிலிருந்து படிக்கட்டுவரை எத்தனை கதவு என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். பழைய கப்பல்களில் மின்சாரம் போனால் அந்த அறைக்குள் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.