மழைச் சடக்கில் இறங்கும் மருமகனுக்கு

மருமகனே,

பழைய ஹைலக்ஸ் ஒன்று வாங்கிவிட்டாய், காஹாங்கிலிருந்து கம்போங் பெத்தாவுக்குச் சுற்றுப்பயணிகளை ஏற்றிப்போகப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் டயரை மாற்றுவதா, இருக்கிற டயருக்கே சங்கிலி வாங்கிப் போட்டுச் சமாளிப்பதா என்று கேட்டிருக்கிறாய். கைப்பேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. எழுதுகிறேன், நிதானமாகப் படி.

1. முதலில் சடக்கைப் பார், பிறகு கடைக்குப் போ. உனக்கு இரண்டு சடக்கு. ஒன்று, குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலை. இன்னொன்று, எண்டாவ் ரொம்பின் காட்டுக்குள் இறங்குவது; காஹாங்கிலிருந்து பெத்தா வரைக்கும் சுமார் 56 கிலோமீட்டர். ஜொகூர் பக்கத்துக் காடு 1993இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படுவதற்கு முன்பிருந்தே அந்தப் பாதையை எனக்குத் தெரியும். எங்கள் காலத்தில் அது தோட்டத்து மண்ணும் வெட்டுமரம் ஏற்றிய பாலாக் லாரி உழுத பள்ளமும்தான். வெயிலில் புழுதி பறக்கும். ஒரு மழை கொட்டினால் மேலே விரற்கடை அளவுக்கு வழவழப்பு, அடியில் கெட்டி மண். சில இடத்தில் அடியிலும் கெட்டி இருக்காது. எது எந்த இடம் என்று தெரிந்தவனுக்கு டயர் கடையில் பாதிக் கேள்வி தீர்ந்தது. அங்கத்து ஜாக்குன் பழங்குடிப் பெரியவர் ஒருவர் சேற்றைக் கண்டால் வண்டியை நிறுத்தி, இறங்கி, குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். பின்னால் வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் வண்டியை யாரும் கட்டி இழுத்து நான் பார்த்ததில்லை.

2. சேற்று டயரை அழகுக்காக வாங்காதே. நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. கட்டைகள் பெரிது, இடைவெளி அகலம்; சக்கரம் சுற்றும்போது அப்பிய மண்ணைத் தானே உதறிவிடும். தார்ச்சாலை டயருக்கு அந்த இடைவெளி கிடையாது. நாலு சுற்றில் களிமண் அடைத்துப் பூரிக்கட்டை மாதிரி மொழுக்கென்று ஆகிவிடும். பிறகு நீ எவ்வளவு அமுக்கினாலும் நின்ற இடத்தில் சுற்றும். ஆனால் உன் கணக்கைப் பார். ஆட்களைக் குளுவாங்கில் போய் ஏற்றுகிறாய், திரும்பக் கொண்டுவிடுகிறாய், நடுவில் உன் சொந்த வேலை. ஓடும் தூரத்தில் பெரும்பகுதி தார். நனைந்த தாரில் சேற்று டயருக்கு பிரேக் பிடிக்க அதிக தூரம் வேண்டும். சத்தம் அதிகம், தேய்மானம் அதிகம், டீசலும் கூடக் குடிக்கும். 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டிப் படங்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி டயரை மாட்டிக்கொண்டு கடைக்கு ரொட்டி வாங்கப் போகிற பையன்களை நானும் பார்க்கிறேன். போட்டிக்காரனுக்குப் புதைவதும் விளையாட்டு. இழுக்க ஆள் கூடவே வரும். உன் பின்சீட்டில் யாரோ ஒருவருடைய பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். உனக்கு நான் சொல்வது: காட்டுக்கும் தாருக்கும் நடுவாக இருக்கும் ஏ.டி. டயர் நான்கு, வண்டியில் ஒரு ஜோடி சங்கிலி.

3. சங்கிலி பனி நாட்டுச் சாமான் என்று ஒதுக்காதே. டயர் சங்கிலிக்கு 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் ஹாரி வீட். சேற்றிலும் பனியிலும் மாட்டிக்கொண்ட காரோட்டிகள் சக்கரத்தில் கயிற்றையும் கொடியையும் சுற்றியதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். பனிக்கால டயர் அதற்கு 30 ஆண்டு கழித்து, 1934இல், பின்லாந்தில் லாரிக்காகப் பிறந்தது. அந்தக் காலத்தில் உலகத்து ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்தும் டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவிலிருந்தும் போனது. கடுங்குளிரிலும் விறைக்காமல் வளைந்து கொடுப்பது பால்மரத்து ரப்பரின் குணம். உன் பூட்டி விடியற்காலையில் நெற்றி விளக்கோடு வெட்டிய பால் எந்தப் பனியில் போய் உருண்டதோ! சரி, பேச்சு எங்கோ போகிறது. ஆஸ்திரியாவில் உன் கேள்விக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. அங்கே நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனி கிடந்தால் நான்கு சக்கரத்திலும் பனிக்கால டயர் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சங்கிலி போட்டும் ஓட்டலாம். ஆனால் சாலையைப் பனி முழுக்க மூடியிருந்தால்தான். பருவம் முழுவதுக்கும் டயர், மோசமான துண்டுக்கு மட்டும் சங்கிலி. பனி என்ற இடத்தில் சேறு என்று போட்டுக்கொள், காஹாங்குக்கும் அதே சட்டம்தான்.

4. சங்கிலியைச் சேற்றுக்கு முன்னால் மாட்டு. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பாய் என்றால் இதை வை. புதைந்த பிறகு சக்கரத்துக்கு அடியில் சங்கிலியும் நுழையாது, கையும் நுழையாது. ஜாக்கியை வைத்தால் வண்டி எழும்பாது, ஜாக்கி மண்ணுக்குள் போகும். இது தெரியாத ஓட்டுநர் இல்லை. தெரிந்தும் ஏன் மாட்டுவதில்லை? பின்னால் இன்னொரு வண்டி நிற்கும். அதில் இருப்பவன் ஹாரன் அடிப்பான். ‘இதுக்கே சங்கிலியா?’ என்று கேட்பான். அந்தக் கேள்விக்குக் கூசித்தான் பாதி வண்டிகள் புதைகின்றன. என்னோடு தோட்டத்தில் லாரி ஓட்டிய ஒருவன், கை தேர்ந்தவன், இருக்கைக்குப் பின்னால் புதுச் சங்கிலியைச் சாக்கோடு வைத்துக்கொண்டே ஓர் இரவு முழுக்கச் சேற்றில் உட்கார்ந்திருந்தான். காலையில் டிராக்டர் கொண்டுபோய் இழுத்தோம். ஏண்டா மாட்டவில்லை என்றால், முன்னால் போன லேண்ட்ரோவர் சங்கிலி இல்லாமலே ஏறிவிட்டதாம். லேண்ட்ரோவரில் இரண்டு ஆள். இவன் லாரியில் பழக்குலை நிறைய. அடுத்தவன் சக்கரத்தைப் பார்த்து உன் வண்டியை ஓட்டாதே. மழையில் இறங்கி முட்டி போட உடம்பு வணங்காது என்றால் சங்கிலிக்குக் காசு செலவழிக்காதே. அந்த வெள்ளியையும் டயரில் போடு.

5. வீட்டு வாசலில், காய்ந்த தரையில், பகலில் பழகிக்கொள். சங்கிலியைத் தரையில் விரித்து முறுக்கு எடு. சக்கரத்தின் மேல் போர்த்து. குறுக்குச் சங்கிலியின் கொக்கி வாய் டயரைப் பார்க்கக் கூடாது, வெளியே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டயரையே குத்தும். உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டு. அது கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். பிறகு வெளிப்பக்கம். மிச்சத் தளர்வை இழுத்துப் பிடிக்கப் பழைய டியூபை வளையமாக வெட்டி வைத்துக்கொள். வண்டியைக் கொஞ்ச தூரம் உருட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்கு. இந்த இரண்டாவது இறுக்கலைச் சோம்பலில் விடுபவனுடைய சங்கிலிதான் நடுவழியில் அறுந்து பிரேக் குழாயை அடிக்கும். ஒரே ஜோடி என்றால் உன் வண்டிக்குப் பின்சக்கரம். இருட்டில் மாட்ட வருகிற வரை பழகு. செம்பனைக்கு நடுவே மழையும் இருட்டும் சேர்ந்து இறங்கும்போது கைவிளக்கைப் பிடிக்க உனக்கு மூன்றாவது கை இருக்காது.

6. காற்றை இறக்கக் கற்றுக்கொள், ஏற்றவும் கற்றுக்கொள். 35 பி.எஸ்.ஐ. இருக்கிற காற்றை 25 அளவுக்கு இறக்கினால் டயர் மண்ணில் அகலமாகப் படிந்து பிடிக்கும். காசே கேட்காத உபாயம் இது, அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. சங்கிலி மாட்டிய சக்கரத்தில் மட்டும் இறக்காதே, சங்கிலி தொங்கிவிடும். தாரில் ஏறியதும் மறுபடி நிரப்பு. குறைந்த காற்றோடு தாரில் வேகமாக ஓடும் டயர் சூடேறிப் பிய்ந்துவிடும். சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

7. டயரின் வயதைப் பார்த்து வாங்கு. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்ணைப் படி: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பளபளவென்று மெழுகு தடவிப் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கட்டை 1.6 மில்லிமீட்டர் வரை தேயலாம் என்று நம் சட்டம் விடுகிறது. ஆஸ்திரியாக்காரன் பனிக்கால டயருக்கு 4 மில்லிமீட்டர் கேட்கிறான். மழைக்காலத்தில் நீ அவன் கணக்கைப் பிடி. மொட்டை டயரில் சங்கிலியைப் போட்டு ஒப்பேற்றலாம் என்று மட்டும் எண்ணாதே. சேற்றைத் தாண்டிச் சங்கிலியைக் கழற்றிய பிறகு நனைந்த தாரில் உனக்கு மிஞ்சப்போவது அந்த மொட்டைதான்.

8. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று இறக்கத்தில் மார்தட்டாதே. ஏறத்தான் அது உதவும். பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்தில்தான், உன் பக்கத்து வீட்டு மைவியையும் சேர்த்து. சறுக்கும் இறக்கத்தில் லோ கியரில் போட்டு என்ஜினைப் பிடிக்க விடு, காலைப் பிரேக்கில் வைத்து அழுத்தாதே.

9. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது வண்டிக்கும் சேர்த்துத்தான். ஓடும் தண்ணீருக்கு முன்னால் டயரும் ஒன்றுதான், சங்கிலியும் ஒன்றுதான். 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தை உன் அம்மா சொல்லியிருப்பாள். நாள்காட்டியை நம்பியவர்களுக்கு 2023 மார்ச் வந்தது: பருவமழை முடிந்தது என்று எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில் ஜொகூர் மறுபடி தண்ணீரில் நின்றது. மழைப் பருவத்தில் பூங்காவை மூடுவது வழக்கம். மூடியிருந்தால் மூடியதுதான், ‘எனக்கு வேறு வழி தெரியும்’ என்று பணம் வாங்காதே. திறந்திருந்தாலும் நேற்று இரவு மேலே எவ்வளவு பெய்தது என்று பெத்தா ஆட்களைக் கேட்டுவிட்டுக் கிளம்பு. உள்ளே சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. எப்போது திரும்புவாய் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ.

10. சடக்கு உன்னுடையது மட்டுமல்ல. சங்கிலி போட்ட சக்கரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு போகும். பின்னால் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோகிறவன் அந்தக் கிழிசலில்தான் விழுவான். கெட்டி மண் வந்ததும் நிறுத்திக் கழற்று. பாலாக் லாரிக்கு எப்போதும் வழி விடு. அது நினைத்த இடத்தில் நிற்காது. புதைந்தால் செம்பனை மட்டையைச் சக்கரத்துக்கு அடியில் போடலாம், அடிப்பக்கத்து முள்ளை வெட்டிவிட்டு. தோட்டத்து ஆளிடம் கேட்டுவிட்டு எடு. இன்றைக்குக் கேட்டு எடுத்தவனைத்தான் நாளைக்கு டிராக்டர் கொண்டுவந்து இழுப்பார்கள்.

11. ஏறும் முன்பே பயணிகளிடம் சொல்லிவிடு: சடக்கு சரியில்லை என்றால் பாதியில் திரும்புவேன், திரும்பினால் இவ்வளவு பணம் தருவேன். இதை முதலில் பேசாதவன், பாதி வழியில் பணத்தைத் திருப்பித் தர மனமில்லாமல் மேலே ஓட்டுவான். என் கண் முன்னால் நடந்த கோளாறுகளில் பல அந்த இடத்தில் தொடங்கியவைதான். குறை டயர்மீது விழுந்தது.

12. வீட்டுக்கு வந்ததும் சங்கிலியைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவித் தொங்கவிடு. ஈரச் சாக்கில் சுருட்டிப் போட்டால் அடுத்த மழைக்குத் துருப்பிடித்த முடிச்சு ஒன்றுதான் கையில் வரும். வாங்கும்போது டயரின் அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போ, ஏ.டி. டயர் மாற்றிய பிறகு அளவெடு, பழைய டயருக்கு எடுத்தது சேராது. வாங்கியதும் வண்டியோடு வீட்டுக்கு வா. அத்தை சமைத்து வைப்பாள். பழைய சாக்கும் கையுறையும் என்னிடம் இருக்கின்றன, டியூப் மட்டும் நீ தேடிக்கொண்டு வா.

அன்புடன்,
மாமா