காற்றில் மிதக்கும் கார்பன் துகள்கள்: மாதிரி எடுக்கும் முறைகள் – முக்கியக் குறிப்புகள்

• கார்பன் துகள்களில் இரு பெரும் பிரிவு: கரிமக் கார்பன் எனும் ஓசி, தனிமக் கார்பன் எனும் ஈசி. இரண்டையும் கூட்டினால் மொத்தக் கார்பன். மண்தூசியில் வரும் கார்பனேட் தனிக் கணக்கு.

• ஈசி, கறுப்புக் கார்பன் இரண்டுமே புகைக்கரியைத்தான் குறிக்கின்றன. சூடாக்கி எரித்து அளந்தால் ஈசி. ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து அளந்தால் கறுப்புக் கார்பன். ‘இரண்டும் ஒரே மதிப்பைத் தரும்’ என்ற கூற்று தேர்வில் வந்தால் தவறு என்றே குறிக்கவும்.

• டெஃப்லான் ஃபில்டர்: துகளின் எடை பார்க்க ஏற்றது. கார்பன் பகுப்பாய்வுக்கு ஆகாது. அதிலேயே கார்பன் இருக்கிறது, கடும் சூட்டையும் தாங்காது.

• குவார்ட்ஸ் இழை ஃபில்டர்: கார்பனுக்கு இதுதான். முன்னதாக 550 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ சில மணி நேரம் உலையில் வைத்து, ஒட்டியிருக்கும் கார்பனை எரித்துவிட வேண்டும். மாதிரி எடுத்தபின் அலுமினியத் தாளில் சுற்றிக் குளிரில் வைப்பார்கள். இழை உதிரும் என்பதால் எடை பார்க்கச் சரிவராது. அதனால்தான் பல நிலையங்களில் டெஃப்லான், குவார்ட்ஸ் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன.

• அதிகம் குழப்பும் பகுதி இது. குவார்ட்ஸ் துகளை மட்டும் பிடிப்பதில்லை. காற்றிலுள்ள கரிம ஆவியையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஓசி கூடுதலாகத் தெரியும்: இது நேர்மறைப் பிழை. பிடிபட்ட துகளிலிருந்தே ஒரு பங்கு ஆவியாகிப் போய்விடுவது எதிர்மறைப் பிழை. ஈசி ஆவியாகாது, மாதிரி எடுக்கும் கட்டத்தில் அதற்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

• திருத்த வழிகள்: முதல் குவார்ட்ஸுக்குப் பின்னால் இன்னொரு குவார்ட்ஸ் வைத்து, அதில் சேர்ந்த ஓசியைக் கழிப்பது எளிது, மலிவு. ஆனால் மாதிரி நேரம் குறைந்தால், ஆவியை முன் ஃபில்டரே விழுங்கிவிடும், கழிவு போதாது. டெஃப்லானுக்குப் பின்னால் குவார்ட்ஸ் வைத்தால், டெஃப்லானில் பிடிபட்ட துகளிலிருந்து கிளம்பும் ஆவியும் அதில் சேரும், கழிவு மிகையாகும். மூன்றாவது வழி டினியூடர்: காற்று ஃபில்டரை அடையும் முன்பே, செயலூட்டிய கரி பூசிய குழல் ஆவியை அகற்றிவிடும். ஆனால் சுற்றிலும் ஆவி இல்லாததால் துகள் இன்னும் வேகமாக ஆவியாகும். ஒரு பிழையைத் துரத்தினால் மற்றது வரும்.

• மாதிரிக் கணக்கு: நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் இழுத்தால் சுமார் 24 கனமீட்டர் காற்று. முன் ஃபில்டரில் ஓசி 240 மைக்ரோகிராம், பின் ஃபில்டரில் 48 என்றால், திருத்திய ஓசி கனமீட்டருக்கு 8 மைக்ரோகிராம். திருத்தாவிட்டால் 10.

• ஈசிக்குச் சிக்கல் ஆய்வகத்தில். ஹீலியத்தில் சூடாக்கும்போது ஓசியில் ஒரு பகுதி கருகி ஈசி போல் நடிக்கும். லேசர் ஒளியால் இதைத் திருத்துவார்கள். ஹீலியம் கட்டத்தின் உச்ச வெப்பம் இம்ப்ரூவ்-ஏ எனும் பகுப்பாய்வு நெறியில் 580, யூசார்-2 நெறியில் 650 டிகிரி. மொத்தக் கார்பன் ஏறத்தாழ ஒத்துப்போகும். ஓசி, ஈசியைப் பிரிக்கும் கோடுதான் நகரும். நெறியின் பெயர் இல்லாத ஈசி எண்ணை வேறு ஊர் எண்ணோடு ஒப்பிடுவது வீண்வேலை.

• ஏத்தலோமீட்டர்: ஃபில்டர் நாடாவில் படியும் கரி, ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று உடனுக்குடன் அளக்கும். கறுப்புக் கார்பனுக்கு 880 நானோமீட்டர் அலைநீளம். 370-இல் உறிஞ்சல் மிகுந்தால் விறகு, சருகுப் புகையைச் சந்தேகிக்கலாம். குறை: புள்ளியில் கரி ஏற ஏற அளவீடு குறைத்துக் காட்டும்.

• எஸ்பி-2: 1064 நானோமீட்டர் லேசரால் ஒவ்வொரு கரித்துகளையும் ஒளிரும் அளவுக்குச் சூடாக்கி அளக்கும், ஃபில்டரே கிடையாது. விலைதான் தடை.

• இந்தியாவின் 2009 தேசியக் காற்றுத் தரநிலையில் 12 மாசுகள். கறுப்புக் கார்பன் அதில் இல்லை. பிஎம் 2.5-க்கு 24 மணி நேர வரம்பு 60, ஆண்டு வரம்பு 40 (கனமீட்டருக்கு மைக்ரோகிராம்).

• என்சிஏபி என்ற சுருக்கம் இரண்டு: 2011-இல் தொடங்கிய தேசியக் கார்பன்சார் ஏரோசால் திட்டம், 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம். வினாவில் ஆண்டைப் பார்த்துவிட்டு விடையைத் தொடவும்.