இரவு வானில் நண்பர்களுடன் போர் விமானம் ஓட்டலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வேர்ட், இன்டர்நெட் எல்லாம் பழகிய பின்னர் கேட்கும் அடுத்த கேள்வி, “நல்ல கேம் ஏதாவது இருக்கிறதா?” என்பதுதான். புதுச்சேரி கதிர்காமத்தில் நாங்கள் மூன்று நண்பர்கள் சனிக்கிழமை இரவுகளில் ஒரு வீட்டு மாடியில் கூடி விமானம் ஓட்டுகிறோம். லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்தில்தான். ஆனால் எங்கள் விமானங்கள் கிளம்புவது கருங்கடல் கரையில் உள்ள படூமியில் இருந்து! அதுவும் நள்ளிரவில். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

இதற்கான புரோகிராம் டி.சி.எஸ். வேர்ல்டு. அடிப்படைப் பதிப்பு இலவசம். அதனுடன் எஸ்.யு. 25டி என்ற தாக்குதல் விமானமும், காகசஸ் பகுதியின் வரைபடமும் கிடைக்கும். டவுன்லோட் மிகப் பெரியது, எனவே எஸ்.எஸ்.டி. டிரைவில் 200 ஜிபி அளவுக்காவது காலி இடம் வைத்துக் கொள்ளுங்கள். 16 ஜிபி ராம் மெமரியும் தனி கிராபிக்ஸ் கார்டும் அவசியம். உங்களுடையது பழைய கம்ப்யூட்டர் என்றால் வருத்தப்பட வேண்டாம். 2006ல் வெளியான ஐ.எல்.2 ஸ்டர்மோவிக் 1946 அதில் ஓடும். காசு கொடுத்து வாங்க வேண்டும். ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்கிவிடுங்கள். கீ போர்டில் பகலில் சமாளிக்கலாம், இரவில் முடியாது.

முதலில் மிஷன் எடிட்டரைத் திறந்து, படூமியில் மூன்று எஸ்.யு. 25டி விமானங்களை நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் ‘ஸ்கில்’ என்ற இடத்தில் ‘கிளையண்ட்’ என அமைக்க வேண்டும். இதை மறந்தால் நண்பர்கள் உள்ளே வந்தாலும் ஏறுவதற்கு விமானம் இருக்காது. (எங்கள் முதல் சனிக்கிழமை இதிலேயே கழிந்தது.) வடக்கே கொபுலெட்டி பக்கம், கடலுக்கும் மலைக்கும் நடுவே உள்ள சமவெளியில் நான்கைந்து லாரிகளை இலக்காக வையுங்கள். அடுத்து தேதி. இந்த புரோகிராமில் தேதிக்கேற்ப நிலவு வளரும், தேயும். எனவே தினசரி காலண்டரைப் பார்த்து பௌர்ணமியைத் தேர்ந்தெடுங்கள். 2016 ஜூன் 20 பௌர்ணமி. நாங்கள் அதில்தான் தொடங்கினோம்.

மிஷனை சேவ் செய்து, மல்டிபிளேயர் பிரிவில் ‘நியூ சர்வர்’ மூலம் ஒருவர் இயக்க வேண்டும். மற்றவர்கள் அவருடைய ஐ.பி. எண்ணைக் கொடுத்து இணையலாம். விண்டோஸ் பயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். 10308 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும். ஒரே ரூட்டரில் இணைந்திருந்தால் இவ்வளவுதான் வேலை. அவரவர் வீட்டிலிருந்து விளையாடுவதானால் சிக்கல் வரலாம். பல இன்டர்நெட் நிறுவனங்கள் ஒரே ஐ.பி. எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால் வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை எட்ட முடியாது. நிறுவனத்திடம் தனி ஐ.பி. எண் கேட்டுப் பெறலாம். இன்னொன்று, சர்வராக இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கட்டாயம் யு.பி.எஸ். வேண்டும். கரண்ட் போனால் அவர் மட்டுமல்ல, மூவருமே கீழே!

ரைட் ஷிப்ட் கீயுடன் ஹோம் கீயை அழுத்த என்ஜின்கள் இயங்கும். எல் கீ காக்பிட் விளக்கு. ரைட் கண்ட்ரோல் மற்றும் எல், இறக்கை விளக்குகள். நண்பர்கள் உங்களைப் பார்ப்பது இவற்றை வைத்துத்தான். ஓடுதளத்தை விட்டுக் கிளம்பியதும் ஜி கீயை அழுத்திச் சக்கரங்களை உள்ளிழுங்கள்.

இனிதான் விஷயமே இருக்கிறது. முதல் இரவில் எங்களில் ஒருவர் கிளம்பிக் கடல் பக்கம் திரும்பினார். “நேராத்தான் போறேன்பா” என்று சொல்லிக்கொண்டே தண்ணீரில் விழுந்தார். பொய் சொல்லவில்லை. கடலும் வானமும் ஒரே கருப்பு. நாற்காலியோ சாயாமல் நிற்கிறது. விமானம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்ததை அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. உண்மை விமானத்திலும் இதேதான். மெதுவாகத் திரும்பும்போது காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு அதை உணர்வதில்லை.

1978 ஜனவரி 1 அன்று இரவு பம்பாயில் கிளம்பிய ஏர் இந்தியா 855 விமானம் சில நிமிடங்களில் கடலில் விழுந்து 213 பேர் இறந்தனர். கேப்டன் முன்னால் இருந்த செயற்கை அடிவான மீட்டர் தவறாகக் காட்டியது. வெளியே பார்த்துச் சரிபார்க்க, இருண்ட கடலில் அடிவானமே இல்லை.

ஆகவே ஒரு மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அடிவானம், உயரம், ஏறி இறங்கும் வேகம், திசை என்று கண் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாய்வு இல்லை என்று அடிவான மீட்டர் காட்டும்போது திசை எண் ஓடிக்கொண்டிருந்தால் ஏதோ தவறு. இந்த ரஷ்ய விமானத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. மேற்கத்திய மீட்டர்களில் அடிவானக் கோடு சாயும். இதில் குட்டி விமானப் படம்தான் சாயும். பகலிலேயே ஒரு மணி நேரம் இதைப் பழகிவிடுங்கள். உயரம் மீட்டரில், வேகம் கிலோமீட்டரில் இருப்பது நமக்கு வசதி. ஒன்றும் தெரியவில்லையே என்று ‘காமா’ அளவை மிகவும் கூட்டாதீர்கள். வானம் சாம்பல் நிறமாகிவிடும். அறை விளக்கை அணைத்தாலே போதும்.

அடுத்தது பேச்சு. 1943 ஜனவரி 15 இரவு கல்கத்தா வானில், பிரிங் என்ற பிரிட்டிஷ் விமானி மூன்று ஜப்பானிய குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார். அவர் ஓட்டிய பியூஃபைட்டரில் இரண்டாவது ஆள் ராடார் திரையைப் பார்த்து இடம், வலம், மேலே, கீழே என்று சொல்லிக்கொண்டே வருவார். எதிரி கண்ணுக்குத் தெரிவது கடைசியில்தான். நீங்களும் அப்படிப் பேசுங்கள். “நான் இங்கே இருக்கேன்” என்றால் யாருக்கும் புரியாது. “இரண்டு, உயரம் 2000, வடக்கே போறேன்” என்று எண், உயரம், திசை சொல்ல வேண்டும். மூவரும் 1500, 2000, 2500 மீட்டர் என உயரத்தைப் பிரித்துக்கொண்டால் இருட்டில் மோத மாட்டீர்கள்.

இலக்கின் மேல் முதல் விமானம், பாராசூட்டில் எரிந்தபடி இறங்கும் ஒளிக் குண்டுகளைப் போட வேண்டும். லாரிகள் பளிச்சென்று தெரியும். அந்த வெளிச்சத்தில் இரண்டாவது விமானம் தாக்கலாம். மூன்றாமவர் மேலே இருந்து மற்ற இருவருடைய உயரத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். தாழ இறங்கித் தாக்குபவர் உயரத்தை மறந்துவிடுவார். எங்களிடம் இந்த மூன்றாவது வேலைக்கு யாரும் வரவில்லை, சுட முடியாதே! ஆனால் அந்த வேலையை ஒருவர் ஏற்ற பிறகுதான் மூவரும் திரும்பி வந்தோம்.

கடைசியாக, இறங்குவது. படூமிக்குக் கடல் பக்கமிருந்துதான் வர வேண்டும். முன்னால் ஓடுதள விளக்குகள், கீழே ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட இருட்டில், நாம் அதிக உயரத்தில் இருப்பதாகக் கண் ஏமாற்றும். விமானியும் தாழ்த்திக்கொண்டே போவார். இதற்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று டிகிரி சரிவில் வந்தால் ஒரு கிலோமீட்டர் தூரத்திற்கு சுமார் 52 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். பத்து கிலோமீட்டரில் 520, ஐந்தில் 260. எண் 1 கீயை மீண்டும் மீண்டும் அழுத்தி லேண்டிங் நிலைக்கு வந்தால் தூரம் திரையில் தெரியும். முன்னே இறங்கியவர் ஓடுதளத்தை விட்டு விலகி நின்று, அடுத்தவருக்குத் தூரத்தையும் உயரத்தையும் கேட்டுச் சரிபார்க்கலாம்.

மூவரும் உடையாமல் இறங்கிவிட்டீர்களா? மிஷன் எடிட்டரில் தேதியை 2016 ஜூலை 4க்கு மாற்றுங்கள். அன்று அமாவாசை.