பழைய படகு மோட்டாருக்குப் புத்துயிர்

படகின் பின்பலகையில் மாட்டவும், வேண்டாதபோது கழற்றித் தூக்கிச் செல்லவும் ஏற்ற இயந்திரமே அவுட்போர்டு மோட்டார். நம் கடற்கரை வள்ளங்களிலும் இதைக் காண்கிறோம். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த ஒரு மோட்டாரை மீண்டும் ஓடவைப்பது எப்படி? இங்கிலாந்தின் பிரிட்டிஷ் சீகல் மோட்டாரைக் கொண்டு இதை அறிவோம். 1931-இல் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் தொடங்கிய இதன் தயாரிப்பு, பின்னர் பூல் என்னும் துறைமுக நகருக்கு மாறி, 1990-களில் நின்றது. ஆயினும் பழைய சீகல்களைச் செப்பனிட்டு ஓட்டுவோர் இன்றும் உள்ளனர்.

முதலில் அது இயங்கும் விதத்தை அறிவோம். இது டூ ஸ்ட்ரோக் என வழங்கும் இருவீச்சு எஞ்சின். பிஸ்டன் மேலே செல்லும்போது, மேலுள்ள பெட்ரோல் கலவை அழுத்தப்படுகிறது. அதே நேரத்தில் கீழேயுள்ள கிராங்க் பெட்டிக்குள் புதிய கலவை இழுக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கின் பொறியால் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அப்போது ஒரு துளை வழியே புகை வெளியேற, மற்றொரு துளை வழியே புதிய கலவை மேலே ஏறுகிறது. இதில் எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெயே உறுப்புகள் தேயாமல் காக்கிறது.

இனிப் பிரிக்கத் தொடங்குவோம். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் வரைந்து, சீட்டு ஒட்டி, வரிசையாக வைக்க வேண்டும். மீண்டும் பூட்டும்போது அவ்வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றினால் போதும். பிஸ்டன் இறுகியிருந்தால் சுத்தியலை எடுக்கலாகாது. பிளக் துளை வழியே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிச் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். புகைத்துளையில் படிந்த கரியை மரக்குச்சியால் சுரண்டுகிறோம். கார்புரேட்டரின் பிசினைக் கழுவுகிறோம். மக்னெட்டோவின் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்குமாறு சரிசெய்கிறோம். குளிர்நீர்ப் பாதையை அடைத்திருக்கும் உப்பையும் நீக்கிவிட்டு, புதிய கேஸ்கெட்டுகளை வைத்துப் பூட்டுகிறோம்.

இங்கே இரண்டு இடங்களில் நாம் ஏமாறக்கூடும். கியர் பெட்டியைத் திறந்தால் எண்ணெய் நீருடன் கலந்து பாலேடு போல இருக்கும். வேறு மோட்டாரில் இது பழுதின் அடையாளம். சீகலிலோ நீர் சிறிது புகுவது இயல்பே, அதற்காகவே எஸ்.ஏ.இ. 140 என்ற மிகக் கெட்டியான எண்ணெயை இடுகிறார்கள்.

இரண்டாவது, புகை. பழைய சீகல்களுக்கு 10 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய், அதாவது ஒரு லிட்டருக்கு 100 மில்லி வேண்டும். பிற்கால மாதிரிகளுக்கு 25-க்கு 1 போதும். "இவ்வளவு புகை எதற்கு?" என்று எண்ணி, புதிய மோட்டார்களைப் போல 50-க்கு 1 கலந்தால் என்ன ஆகும்? கிராங்கைத் தாங்கும் வெண்கலப் புஷ்கள் எண்ணெயின்றித் தேய்ந்துவிடும். நீரோட்டம் எதிர்க்கும் ஆற்றுமுகத்தில் மோட்டார் நின்றுபோனால் படகிலுள்ளோர் கதி என்ன? நாம் மிச்சம் பிடித்த எண்ணெய் அவர்களைக் கரை சேர்க்குமா?

நிறைவாகச் சோதனை. நீர் நிறைந்த பீப்பாயில் மோட்டாரின் கீழ்ப்பகுதியை அமிழ்த்தி, திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் அருகிருக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். நீரின்றி ஓட்டினால் எஞ்சின் சூடேறிக் கெடும். சீகலின் மேற்சக்கரம் மூடியின்றிச் சுழல்வது. அதில் கயிற்றைச் சுற்றி இழுத்தே கிளப்புகிறோம். ஆகையால் பின்னலையும் தாவணி முனையையும் கட்டிக்கொண்டே அருகில் செல்ல வேண்டும்.

பழையதைப் புதுப்பிக்க ஸ்பானரும் எண்ணெயும் மட்டும் போதா. 'இதைச் செய்தவர் ஏன் இப்படிச் செய்தார்?' என்று முதலில் கேட்டறிவோம். பிறகே திருத்தக் கை நீட்டுவோம்.