பொலிகாளையைத் தெரிந்தெடுக்கும் முறை: லிமூசின் இனத்தைக் கொண்டு ஒரு பாடம்

ஒரு பசு தன் ஆயுளில் ஏழு அல்லது எட்டுக் கன்றுகளை ஈனும். அதன் குணமும் குற்றமும் அவ்வளவில் அடங்கும். பொலிகாளையோ அவ்வாறன்று. வருஷத்திற்கு 30 பசுக்களாக நான்கு வருஷம் ஒரு காளை மந்தையில் நின்றால், பத்து ஈற்றுக்கு ஒன்பது நன்கு நிறைவேறுமென்று கொண்டாலும், அது 108 கன்றுகளுக்குத் தந்தையாகும். ஆகவே பசுவை வாங்குவதில் நேரும் பிழை ஒருவர் கொட்டிலோடு போகும். பொதுவில் காளை வாங்குவதில் நேரும் பிழை சங்கத்து அங்கத்தினர் அனைவர் கொட்டிலிலும் புகும். இக்காரியத்தைப் பிரான்சு தேசத்துக் குடியானவர்கள் தங்கள் லிமூசின் இனத்தில் எங்ஙனம் நடத்துகிறார்கள் என்பதை இப்பாடத்தில் காண்போம். அவ்வினத்தை இங்குக் கொணர வேண்டுமென்பது நமது கருத்தன்று. தெரிந்தெடுக்கும் முறை எந்த மந்தைக்கும் பொதுவானது. அதனையே கற்க வேண்டும்.

இனத்தின் வரலாறு

லிமூசின் என்பது பிரான்சின் மத்தியப் பீடபூமிக்கு மேற்கே, பீங்கானுக்குப் பெயர் பெற்ற லிமோஜ் நகரைச் சூழ்ந்த மேட்டுநிலம். கருங்கல் பூமி, மண் ஆழமற்றது, மழை மிகுதி. தானியத்தைக் காட்டிலும் புல்லே அங்கு நன்கு வளரும். இந்நிலத்து மாடுகள் பல தலைமுறையாக ஏரும் வண்டியும் இழுத்தன; உழைப்பு ஓய்ந்தபின் கொழுக்க வைத்து இறைச்சிக்கு விற்கப்பட்டன. 1886-ம் வருஷத்தில் இவ்வினத்திற்கு வம்சாவளிப் பதிவேடு ஏற்பட்டது. இயந்திரங்கள் வயலுக்கு வந்தபின் இறைச்சியே முதன்மையான நோக்கமாயிற்று. 1968-ல் முதற் காளை கானடாவுக்குச் சென்றது. 1971-ல் பிரிட்டனுக்கும் காளைகள் சென்றன.

மாட்டின் நிறம் பொன் கலந்த செம்மை. கண்ணையும் மூக்கையும் சுற்றி வெளிறியிருக்கும். எலும்பு மெல்லியது, தொடையும் முதுகும் சதைப்பற்றுடையன. வளர்ந்த காளை 1,000 கிலோவுக்கு மேல் நிறுக்கும். எனினும் கன்று சுமார் 40 கிலோ நிறையில், மெலிந்த உடலுடன் பிறப்பதால், ஈற்று பெரும்பாலும் சுலபமாக நிறைவேறும். சதை பெருத்ததும் ஈற்று எளியதுமாகிய இவ்விரு குணமும் ஓரினத்தில் சேர்வது அரிது. பெல்ஜியம் தேசத்து நீல மாட்டில் சதை இதனினும் மிகுதி. ஆனால் அங்குப் பெரும்பாலான கன்றுகளைப் பசுவின் வயிற்றைக் கீறியே எடுக்கிறார்கள்.

முதலாவது: நோக்கத்தைத் தீர்மானித்தல்

சந்தைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். இக்காளையின் கன்றுகள் எதற்கு? எல்லாக் கன்றுகளும் விற்பனைக்கு எனில், வளர்ச்சியும் சதையும் முக்கியம். பெண் கன்றுகளை மந்தையில் நிறுத்தித் தாய்ப்பசுக்களாக்குவதெனில், அவற்றின் பாலும், அவை சுலபமாக ஈனுவதும் முக்கியம். இவ்வினத்துப் பசுவைக் கறப்பதில்லை. கன்று ஏழெட்டு மாதம் தாயிடமே ஊட்டும். ஆகவே தாயின் பால் குறைந்தால் கன்றின் நிறையில் அது தெரிந்துவிடும். தலையீற்றுக் கிடேரிகளுடன் சேர்ப்பதெனில், எல்லாவற்றிற்கும் முன்பாக ஈற்றின் எளிமையைப் பார்க்க வேண்டும். கன்று சிக்கிக் கிடேரி இறந்தால், ஒரே இரவில் இரண்டு உயிரும், மூன்று வருஷம் தீனியிட்டு வளர்த்த பயனும் போகும். சிறு குடும்பத்திற்கு அந்நஷ்டம் எளிதில் ஈடாகாது.

இரண்டாவது: ஏட்டைப் பார்த்தல்

காளையின் உருவம் அது தின்ற தீனியையும் காட்டும். இரத்தத்தின் குணத்தை மட்டும் தனியே காட்டாது. செழித்த கொட்டிலில் வளர்ந்த சாமானியக் காளை, வறிய கொட்டிலில் வளர்ந்த உயர்ந்த காளையைக் காட்டிலும் கண்ணுக்கு அழகாகத் தோன்றும். இம்மயக்கத்தை நீக்கவே லிமோஜுக்கு அருகில் லானோ என்னுமிடத்தில் ஒரு பரிசோதனை நிலையம் நடைபெறுகிறது. பல பண்ணைகளிலிருந்து பால்குடி மறந்த காளைக்கன்றுகளை அங்குச் சேர்த்து, ஒரே தீனியிட்டு வளர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தேறியவற்றை ஏலத்தில் விற்கிறார்கள்.

இதனோடு ஒவ்வொரு காளைக்கும் குணமதிப்பு எண்கள் உண்டு. 100 என்பது இனத்தின் சராசரி. ஈற்று எளிமைக்குரிய எண் 100-க்கு மேற்பட்டால் கன்று சுலபமாகப் பிறக்கும். குறைந்தால் சிரமம் நேரக்கூடும். வளர்ச்சி, சதை, மகள்களின் பால் ஆகியவற்றிற்கும் இவ்வாறே தனித்தனி எண் உண்டு. எண்ணோடு அதன் நம்பகத்தையும் பார்க்க வேண்டும். கன்று பிறவாத இளங்காளையின் எண் பெற்றோரைக் கொண்டு செய்த ஊகமே. நூறு கன்றுகள் பிறந்த காளையின் எண் ஏறக்குறைய நிச்சயம்.

மறைந்து வரும் தோஷங்களையும் விசாரிக்க வேண்டும். வெயில் பட்டால் தோல் புண்ணாகும் ஒரு நோய் இவ்வினத்தில் உண்டு. தாய் தந்தை இருவரிடமும் அது மறைந்திருந்தாலன்றிக் கன்றில் வெளிப்படாது. ஆகையால் காளையைக் கண்ணால் பார்த்து அதனை அறிய இயலாது. இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

மூன்றாவது: தேகத்தைப் பார்த்தல்

ஏடு திருப்தியாயிருந்தால் காளையை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். பின்னங்கால் தூண்போல் நேராக நின்றால் மூட்டு விரைவில் கெடும். மிகவும் வளைந்திருந்தால் பாரம் தாங்காது. நான்கு குளம்பும் ஒத்திருத்தல் வேண்டும். விதைகள் இரண்டும் சமமாக இருத்தல் வேண்டும். ஒரு வயதிலிருந்து 15 மாதம் வரையுள்ள காளைக்கு விதைப்பையின் சுற்றளவு 30 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது என்பது கால்நடை வைத்தியர்களின் பொது விதி. விந்து உற்பத்தியாகி முதிர ஏறக்குறைய இரண்டு மாதமாகும். ஆதலால் கடுங் காய்ச்சல் கண்ட காளை, குணமடைந்தபின்னும் சில வாரம் சினைப்படுத்தாதிருக்கலாம்.

சுபாவமும் கவனிக்கத்தக்கது. இவ்வினத்தில் மிரளும் மாடுகள் உண்டு என்பது பழைய குறை; சாதுவானவற்றையே தெரிந்தெடுத்துப் பல நாட்டார் அதனைக் குறைத்து வருகின்றனர். பட்டியில் தனியே நிறுத்தி ஒருவர் அருகிற் செல்லும்போது, தலையெடுத்து முட்ட வருவதும் வேலியைத் தாண்ட முயல்வதும் வேண்டா. மிரளும் குணம் கன்றுகளுக்கும் இறங்கும். பெண்களும் முதியோரும் மாடு பார்க்கும் வீட்டில் அது அபாயம்.

நான்காவது: வாங்கியபின் செய்யவேண்டுவன

க்ஷயம், கருச்சிதைவு நோய் முதலியவை இல்லையென்று வைத்தியர் சான்று பெற்று, சில வாரம் தனிக்கொட்டிலில் வைத்தபின்னரே மந்தையிற் சேர்க்க வேண்டும். சேர்க்கைக் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்குவது நலம். இளங்காளைக்கு முதல் வருஷம் 15 அல்லது 20 பசுக்களே போதும். அதன் மகள்கள் சினைக்கு வருமுன் காளையை மாற்றிவிட வேண்டும். பக்கத்துச் சங்கத்தோடு பரிமாறிக் கொண்டால் செலவும் குறையும்.

ஒரு கணக்கு

ஒரு சங்கத்தில் 20 பசுக்களும் 10 கிடேரிகளும் உள்ளன. பெண் கன்றுகளை நிறுத்திக்கொள்வது நோக்கம் என வைத்துக்கொள்வோம். விலைக்கு இரண்டு காளைகள் வருகின்றன. முதற் காளை கண்காட்சியில் எல்லோர் கண்ணையும் கவர்ந்தது. அதன் வளர்ச்சி எண் 112, ஈற்று எளிமை 86, மகள்களின் பால் 94. இரண்டாவது உருவத்தில் சிறியது. வளர்ச்சி 102, ஈற்று எளிமை 108, பால் 105. முதற் காளையின் கன்றுகள் விற்பனையில் சற்று அதிக விலை பெறலாம். ஆயினும் கிடேரிகளுள் ஒன்று இறந்தால் அவ்வதிகம் முழுவதும் கரைந்து போகும். பால் குறைந்த மகள்களோ அக்காளை போனபின்னும் பல வருஷம் மந்தையில் நிற்பார்கள். இச்சங்கத்திற்கு இரண்டாவதே தக்கது. கன்றுகள் யாவையும் விற்பதாகவும், கிடேரிகள் இல்லாமல் பல ஈற்றுக் கண்ட பெரிய பசுக்களே உள்ளதாகவும் இருந்தால், முதற் காளையையும் யோசிக்கலாம். நோக்கம் மாறினால் தேர்வும் மாறும்.

சங்கக் கூட்டத்தில் ஆராயவேண்டிய கேள்விகள்

1. நமது மந்தையில் பிறக்கும் கன்றுகள் எந்த நோக்கத்திற்காக வளர்க்கப்படுகின்றன? அங்கத்தினர் எல்லோரும் அதில் ஒத்த கருத்துடையவரா?

2. சென்ற மூன்று வருஷங்களில் ஈற்றின்போது எத்தனை கன்றுகளும் தாய்களும் இறந்தன? அவற்றிற்குத் தந்தை எக்காளை?

3. அதனைக் குறித்து வைத்த ஏடு நம்மிடம் உண்டா? இல்லையெனில், இவ்வருஷத்து முதல் ஈற்றிலிருந்து அதனை எழுதத் தொடங்கும் பொறுப்பை யார் ஏற்பது?

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தபின்னரே காளை வாங்கப் பணம் திரட்டுவது முறை. லிமூசின் குடியானவர்களும் ஏட்டை முன்னிட்டே தங்கள் இனத்தை உயர்த்தினர்.